சத்தத்தோடு பார்க்கவும்

நாலாம் எண்ணின் மேல் விரலை வைத்துவிட்டாள். அழுத்தவில்லை, அவ்வளவுதான். திரையில் ஒரு பேருந்துக்கு முன்னால் ஒரு பெண் காலை மாற்றி மாற்றித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் தலைமேல் இருந்தன, கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பார்க்கிற யாரும் யோசிக்காமல் நாலை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நாலு என்றால் சிரிப்பு. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் அழுத்திவிட்டுப் போயும் இருந்தார்கள். குதித்தவள் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பியபோது, சீருடைச் சட்டையின் காலர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் விரல் நின்றது. எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் காலரை ஒழுங்காக மடித்துவிடத் தெரியாத ஆள் ஒருத்திதான். அவளுடைய அக்கா.

அந்த அலுவலகத்தில் வேலை என்பது பெயர் வைப்பது. யார் யாரோ எங்கெங்கோ எடுத்த காணொளித் துண்டுகள் ஓயாமல் வந்து விழும். இது அழுகை, இது கோபம், இது பயம், இது சிரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணை அழுத்தி அனுப்ப வேண்டும். இவர்கள் வைக்கிற பெயரை வைத்துத்தான் செயலி தேடிக் கொடுக்கிறது. சோகம் பிடித்தவனுக்குச் சோகமும் சிரிப்பு பிடித்தவனுக்குச் சிரிப்பும் வாய்க்கு ருசியாக ஊட்டிவிடுவதும் அந்தப் பெயரை நம்பித்தான். ஒரு துண்டை மூன்று பேர் பார்ப்பார்கள். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போனால் அதுவே உண்மை. மூன்றாவது ஆள் வேண்டுமானால் ‘மறுப்பு’ என்ற பொத்தானை அழுத்தலாம், ஆனால் தோற்றால் மதிப்பெண் குறையும். அதனால் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. இவள் போவாள். அடிக்கடி போய் அடிக்கடி தோற்பாள். அந்த அறையில் இவளுக்கு மறுப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, சேர்ந்த சில நாளில் தானாகவே கைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் சத்தத்தை அணைத்துவிட்டு இரட்டை வேகத்தில் பார்ப்பார்கள். சத்தம் கேட்டால் தலைவலி, நிதானமாகப் பார்த்தால் எண்ணிக்கை எட்டாது. பக்கத்து இருக்கைக்காரனுக்குப் ‘புயல்’ என்று பெயர். முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், தோள் ஆடுகிற விதத்திலேயே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வான்.

அவள் இழுப்பறைக்குள் தூசி படிந்து கிடந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினாள். வேகத்தைக் குறைத்தாள். அக்காவின் குரல் காதுக்குள் வந்து விழுந்தது. இரண்டு நாளைக்கு முன் வீட்டுக்கு வந்து, “திடீர்னு பிரேக் போட்டேன்டி, கழுத்து பிடிச்சுக்கிச்சு” என்று மட்டும்தான் அக்கா சொல்லியிருந்தாள். ஒரு குழந்தை குறுக்கே ஓடியதைச் சொல்லவில்லை, இந்தத் துண்டைச் சத்தத்தோடு பார்த்தபோதுதான் அது தெரிந்தது. குழந்தை ஒரு கீறல்கூட இல்லாமல் எதிர்ப்புறம் தாயின் இடுப்பில் ஏறிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, வண்டியை ஓட்டியவளுக்கு மட்டும் தெரியவில்லை. டயருக்குக் கீழே குனிந்து பார்க்கத் தைரியம் வராமல், கையும் ஓடாமல் காலும் ஓடாமல், நின்ற இடத்திலேயே பதறிக் குதித்திருக்கிறாள். குழந்தை பிழைத்த நிம்மதியில் மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் படம் பிடித்திருக்கிறார்.

அவள் மறுப்பை அழுத்தி, ‘அழுகை, பயம்’ என்று எழுதி அனுப்பினாள். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. இரண்டுக்கு ஒன்று. நிராகரிக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாதி வேலையில் வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அக்காவின் கணவரான மாமா அடுப்படியிலிருந்து சைகையில் சொன்னார். மாமா எதையும் ஆறப்போட்டே பழகியவர். “நாலு நாள் போனா எல்லாரும் மறந்துருவாங்க, விடு” என்று வெங்காயத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் பேருந்திலேயே, அவள் முதுகுக்குப் பின்னாலேயே, ஒருத்தன் அந்தக் காணொளியைப் போட்டுப் பார்த்திருக்கிறான். செயலி அதற்குள் வேலையைக் காட்டிவிட்டது. ஒருவருக்கு மேளம், ஒருவருக்குக் கிட்டார், இன்னொருவருக்குக் கைதட்டல் என்று அவரவர் ரசனைக்கு ஏற்றபடி தாளம் சேர்த்துக் கொடுத்திருந்தது. திரையைத் தொட்டால் அக்கா கால் தூக்குவாள், வேகமாகத் தொட்டால் வேகமாகத் தூக்குவாள். பேருந்தில் பாதிப் பேர் தொட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“நான் ஆடுனேனாம்” என்றாள் அக்கா.

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உங்க ஆபீஸ்லதானே இதுக்கெல்லாம் பேர் வைக்கிறீங்க?”

“ஆமா.”

“இதுக்கு என்ன பேர் வெச்சீங்க?”

“நான் அழுகைன்னு போட்டேன். மத்த ரெண்டு பேரும் சிரிப்புன்னு போட்டுட்டாங்க.”

அக்கா தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. “சரி, விடு. டிப்போல டிக்கெட் கவுன்டர்ல ஒரு எடம் இருக்காம். நாளன்னிக்கு எழுதிக் குடுத்துட்றேன். இனிமே ஸ்டியரிங் வேணாம்.”

அந்தப் பெரிய வண்டியை ஓட்டுவதற்காக அக்கா வாங்காத பேச்சு இல்லை. வீட்டில் வாங்கினாள், டிப்போவில் வாங்கினாள், பெண் பார்க்க வந்தவர்களிடம் வாங்கினாள். மாமா ஒருவர்தான், “எனக்கு சைக்கிளே சரியா வராது, நீங்களே ஓட்டுங்க” என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். எந்தப் பேச்சுக்கும் அசையாதவள் முகம் தெரியாதவர்களின் விரல் நுனிக்குத் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்ததைத் தங்கையால் பார்க்க முடியவில்லை. துக்கம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குமேல் எரிச்சல். அதற்குமேல் ஒரு பிடிவாதம், சின்ன வயதில் இரண்டு பேரையுமே அடி வாங்க வைத்த அதே பிடிவாதம்.

மறுநாள் முதல் வேலையாக மேற்பார்வையாளரின் மேசைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. எண்ணிக்கை எட்டாவிட்டால் மேலிடத்தில் அவர் காதைத்தான் திருகுவார்கள்.

“சொந்தக்காரங்க வீடியோவ நீங்க தொடவே கூடாதும்மா. அது ரூல்.”

“தொட்டுட்டேன் சார். இனி என்ன செய்ய? ஒரு தடவ சத்தம் வெச்சுப் பாருங்க.”

“ஒவ்வொண்ணையும் சத்தம் வெச்சுப் பாத்தா எப்ப முடியறது? ரெண்டு பேர் சிரிப்புன்னு சொல்லிருக்காங்க. முடிஞ்சு போச்சு.”

“முடியல. மறுப்பு போட்டவங்க கேட்டா காலைக் கூட்டத்துல காட்டணும். அதுவும் ரூல்தானே சார்?”

அவர் பெருமூச்சு விட்டார். ரூல்தான். சுவரில் மாட்டிய பெரிய திரையில் அதைப் போட்டு, எல்லோரையும் கை தூக்கச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். யாரும் இதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். படம் ஓடியது, வழக்கம் போல இரட்டை வேகத்தில். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். புயலும் சிரித்தான். திரையில் இருப்பது யார் என்று மேற்பார்வையாளரைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. அவள் எழுந்துபோய் வேகத்தைக் குறைத்து முதலிலிருந்து ஓடவிட்டாள். சத்தத்தைக் கூட்டப் போனபோதுதான் தெரிந்தது, அந்தத் திரையில் ஒலிபெருக்கியே கிடையாது. வாங்கும்போதே வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். பெயர் வைக்கிற இடத்தில் காதுக்கு என்ன வேலை என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

“அவ்வளவுதாம்மா, உக்காருங்க” என்றார் மேற்பார்வையாளர்.

அவள் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஊமைப் படமாக அக்கா பேருந்திலிருந்து குதித்து இறங்கினாள், வாயைத் திறந்தாள். அந்த வாய் அசைய அசைய இவள் பேசினாள். முந்தின நாள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒவ்வொரு சொல்லும் மனதில் தைத்துக் கிடந்தது. குரலும் ஒரே வீட்டுக் குரல்தான்.

“குழந்த எங்க? யாராவது குனிஞ்சு பாருங்களேன். என்னால பாக்க முடியல. டயருக்குக் கீழ பாருங்க. பாத்துச் சொல்லுங்க. இருக்கா? ஐயோ, சொல்லுங்க, இருக்கா? கும்புட்டுக் கேக்கறேன், யாராவது பாருங்க.” திரையில் அக்கா காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். முதுகைக் காட்டித் திரும்பினாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “ஏன் எல்லாரும் சும்மா நிக்கிறீங்க? ஏன் சிரிக்கிறீங்க?”

படம் நின்றது. அவள் அழவில்லை. அழுதால் இதற்கும் ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிடுவார்கள் என்று தோன்றியது.

“இவங்க எங்க அக்கா” என்றாள். “இப்ப கை தூக்குங்க.”

சிரிப்புக்கு ஒருவரும் தூக்கவில்லை. அழுகைக்குப் பலர் தூக்கினார்கள். சிலர் எதற்கும் தூக்காமல் தரையைப் பார்த்தார்கள், புயலும் அதில் ஒருத்தன். மேற்பார்வையாளர் தானே போய் அந்தத் துண்டின் பெயரை மாற்றினார். பிறகு, சொல்லாமல் விட்டால் பாவம் என்பதுபோல மெதுவாகச் சொன்னார். “இது ஒண்ணுதாம்மா மாறும்.”

அவளுக்கும் தெரியும். ‘இதே போல்’ என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்தது. மேளத்தோடு ஒரு அக்கா, கிட்டாரோடு ஒரு அக்கா, தலையில் கிரீடம் வைத்து ஒரு அக்கா, பின்னால் பேருந்தை எடுத்துவிட்டு நிலாவை வைத்து ஒரு அக்கா. ஒவ்வொன்றும் தனித் துண்டு, ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு என்ற பெயர். உருட்ட உருட்ட அடி தெரியவில்லை. அவள் முதலாவதைத் திறந்தாள். கூடவே மூலத்துண்டையும் திறந்து, ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டி, உள்ளபடியான வேகத்தில் ஓடவிட்டாள். அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. மறுப்பை அழுத்தினாள். இரண்டுக்கு ஒன்று, நிராகரிக்கப்பட்டது. அடுத்தது.

“மார்க் சுத்தமா போயிடும்மா” என்றார் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்று. “மாசக் கடைசில என்னால காப்பாத்த முடியாது.”

“தெரியும் சார்.”

அவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, போய்விட்டார்.

“நான்தான் நாலு போட்டேன்” என்றான் புயல், திரையைப் பார்த்தபடியே. “சத்தியமா சத்தம் கேக்கல மறுப்பு மேடம்.”

“தெரியும். இனிமே கேளு.”

பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லைதானே. அவன் தன் மேசையைக் கலைத்து எதையோ தேடினான். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்தும் அக்காவின் குரல் கேட்கத் தொடங்கியது, இவளுடையதற்குச் சற்றுப் பின்தங்கி.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்று மாறியதையும், மற்றதெல்லாம் அப்படியே கிடப்பதையும், கிரீடத்தையும் நிலாவையும்கூட மறைக்காமல் சொன்னாள்.

“எல்லாத்துக்கும் மறுப்பு போடப்போறியா?”

“ஆமா.”

“முடியுமா?”

“முடியாது.”

“முடியாதுன்னு தெரிஞ்சே போடுற.”

“நீ அன்னிக்கு முடியும்னு தெரிஞ்சா பிரேக் போட்ட?”

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். அடிக்க வருகிற பார்வை போலத்தான் இருந்தது. பிறகு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். டிப்போவில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்ன நாள் விடிந்தபோது, “நீயும் வா” என்று மட்டும் சொன்னாள். எங்கே என்று தங்கை கேட்கவில்லை. டிக்கெட் கவுன்டரைத் தாண்டி, வண்டிகள் நிற்கிற பக்கமாக அக்கா நடந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

முதல் நிறுத்தத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்கள். முன் இருக்கையில் ஒருவர் இன்னொருவரின் விலாவில் இடித்தார். பின்னாலிருந்து மேளச் சத்தம் மெல்லக் கேட்டது, யாரோ அடக்கிச் சிரித்தார்கள். அக்கா கண்ணாடியை நிமிர்த்தினாள். அதில் தெரிந்த கைகளில் பாதி உயர்ந்திருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பேசி. அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு இருக்கையிலேயே திரும்பி உட்கார்ந்தாள்.

“எடுங்க. நல்லா எடுங்க. சத்தத்தோட எடுங்க. அன்னிக்குக் குறுக்க ஓடுன குழந்த நல்லா இருக்கு. செத்துருச்சோன்னு நெனச்சுக் கதறுனேன். அதத்தான் நீங்க தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க. இன்னொரு தடவ அப்படி ஓடுனாலும் பிரேக்தான் போடுவேன், கதறத்தான் செய்வேன். எடுத்தாச்சா? கம்பியப் பிடிச்சுக்கங்க.”

மேளம் நின்றுவிட்டது. சில கைப்பேசிகள் இறங்கின, சில இறங்கவில்லை. அக்கா வண்டியை எடுத்தாள்.

அன்றைக்குக் குழந்தை குறுக்கே ஓடிய அந்தத் தெரு வந்தது. கடைகள் திறந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு பெண் பையை ஒரு கையிலும் சின்னப் பிள்ளையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க நின்றிருந்தாள். அன்றைய குழந்தை இல்லை, வேறு யாரோ. அக்கா தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். கையைக் காட்டினாள், போங்க என்று. பிள்ளை நடுச்சாலையில் நின்று பேருந்தை அண்ணாந்து பார்த்தது. செருப்பு கழன்றுகொண்டது, குனிந்து அதை மாட்டப் பார்த்தது, கால் மாறிப் போனது, மறுபடி குனிந்தது. பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்பியது, பிறகு அதற்கும் பின்னால் ஒன்று, பிறகு தெரு முழுவதும். அக்காவின் கால் பிரேக்கை விட்டு அசையவில்லை.