பொடுபோக்கு

என் புருஷன் வினாயகமூர்த்தியை ஒரே சொல்லில் சொல்வதென்றால் பொடுபோக்கு. எங்கள் ஊர் சித்தாண்டியில், வேலிக் கடப்பைத் திறந்துபோட்டு ஊர் மாட்டையெல்லாம் வளவுக்குள் விடுகிற மனிதனுக்கும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அயல்வீட்டில் கதைத்துக்கொண்டு நிற்கிற பொம்பிளைக்கும் அதுதான் பெயர். இருபது வருடமாக அந்தச் சொல்லால் அவரை ஏசியிருக்கிறேன். ஒருநாள் அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனவரைச் ஆமிக்காரரின் சென்றியிலேயே வைத்து ஏசிக் கிழித்தேன். காவலுக்கு நின்ற சிங்களப் பொடியன் சொல்லைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவரைக் கண்டாலே "பொடுபோக்கு ஐயா" என்று சிரிப்பான்.

தொண்ணூற்றேழில் சென்றி தாண்டி வட்டைக்கு வயல் பார்க்கப் போன மனிதன் சாரனை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்து போர்வை. பிறகு கிழமைக்கு இரண்டு தரம் சோற்றுப் பெட்டி. இயக்கத்துக்குப் போய்விடக் கூடாதென்று, சென்றியில் போகும்போது காட்டிய சாமானை வரும்போதும் காட்ட வேண்டும். அவரை மட்டும் சிரித்து விட்டுவிடுவார்கள். நான் கேட்டபோது, "என்ட பொடுபோக்குதான் உனக்குத் தெரியுமே புள்ள" என்றார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இருபது வருடத்தில் ஒருநாளும் அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை. எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று சந்தேகப்பட்டேன்.

அவர் காய்ச்சலில் கிடந்த நாளில் நானே வட்டைக்குப் போவதாகச் சொன்னேன். போகாதே என்று கையைப் பிடித்தார். சந்தேகம் உறுதியாகிவிட்டது. பெட்டியில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பினேன். சென்றியில் என் பகல் சாப்பாடு என்று காட்டினேன்.

வயல் காவலுக்குப் போட்ட வாடிக்குள் அவருடைய சாரனைக் கட்டிக்கொண்டு இருந்தது எங்கள் மகன். போன வருடம் இயக்கம் கொண்டுபோன பிள்ளை, தப்பி வந்து இரண்டு மாதமாம். இயக்கம் கண்டால் திரும்பக் கொண்டுபோகும். ஆமி பிடித்தால் பிள்ளை வீடு வராது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்கட வாய்க்குப் பயந்துதான் அம்மா" என்றான். அழுகை வந்துவிட்டது. பாதிச் சோற்றை இரவுக்கென்று வைத்துக்கொண்டான். பெட்டியை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.

சென்றியில் அதே பொடியன் நின்றான். பெட்டி எங்கே என்று கேட்டான்.

"மறந்திட்டன் மகன். பொடுபோக்கு."

அவன் சிரிக்கவில்லை.

"ஐயா பொடுபோக்கு. அம்மா இல்லதானே."

பிறகு உள்ளே இருந்த இன்னொருவனைக் கூப்பிட்டான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"வாங்க அம்மா, போய் எடுப்பம்."