சிலிண்டர் அலமாரிக்குப் பின்னால்

அன்று காலையிலிருந்து பதினாறு முறை அந்த லேசர் அறையை முழுதாகச் சுற்றி வந்திருந்தாள். பதினேழாவது முறை கடைசிச் சுவர்வரை போய், அறையைப் பார்த்தாயிற்று என்பதற்காக அங்கிருந்த பச்சைப் பொத்தானை அழுத்தி, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். பொத்தானிலிருந்து பக்கவாட்டில் நாலு எட்டு நடந்து, எரிவாயு சிலிண்டர்கள் நிற்கும் அலமாரிக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்க்கவில்லை. எட்டு மாதமாகக் கேட்கிறாள், ஒரு நாளும் யாரும் பதில் சொன்னதில்லை. ஆளில்லாத அறையிடம் தினமும் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று சில நாள் அவளுக்குச் சிரிப்பு வரும்.

கதவைப் பூட்டிச் சாவியைக் கட்டுப்பாட்டு அறையின் துளையில் செருகித் திருப்பினால்தான் லேசர் சுடும். நீளமான குழாய்க்குள் கரியமில வாயுவை நிரப்பி, அதற்குள் மின்சாரத்தை ஒரே வெட்டாகப் பாய்ச்சுவார்கள். பட்டென்று காதைப் பிளக்கும் சத்தம். அதிலிருந்து கிளம்பும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிகளில் திரும்பித் திரும்பிப் போய் ஓர் உலோகத் தகட்டில் குவியும். உருகி ஓடக்கூட அவகாசம் இல்லாமல் உலோகம் ஆவியாகும், ஆவி பிளாஸ்மாவாகும். கட்டைவிரல் நீளத்துக்கு நீலமும் வெள்ளையுமாக ஒரு நாக்கு நீண்டு மறையும். ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் சில கூறுதான் அதன் ஆயுசு. அதற்குள் கேமரா அதைப் பிடித்துவிடும். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு, ஆய்வை நடத்தும் மேடம் மாதக்கணக்கில் கட்டுரை எழுதுவார்.

“பூனை, போலாமா?” என்றார் மேடம். நடப்பதும் தெரியாது, பேசுவதும் கேட்காது என்று வேலைக்கு வந்த முதல் வாரமே வைத்த பெயர்.

“போலாம் மேடம்.”

“எதச் சொன்னாலும் ரகசியம் சொல்ற மாதிரியே சொல்ற.”

இருவரும் காதுமூடியை மாட்டிக்கொண்டார்கள். சாவியைத் திருப்பினாள். தரை ஒருமுறை அதிர்ந்தது. திரையில் நாக்கு கோணலாக நீண்டிருந்தது. “தகடு சாஞ்சிருக்கு போல. போய்ப் பாரு” என்றார் மேடம்.

கதவைத் திறந்தவளுக்கு முதலில் வந்தது நாற்றம், அட்டை கருகிய நாற்றம். தகடு புதியது, முகம் பார்க்கலாம் போலத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. அதில் பட்டுத் திரும்பிய ஒளியில் கொஞ்சம், மறைப்புத் தட்டியின் இடுக்கு வழியாகத் தப்பி வெளியே போயிருக்கிறது. எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டே சிலிண்டர் அலமாரியைத் தாண்டினாள். பின்னால், அவளுக்கு முதுகு காட்டி, எரிவாயுக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் சிலிண்டர் அண்ணன் குந்தியிருந்தார். குழாய் மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குப் பக்கத்தில், இரண்டு சாண் தள்ளி, ஓர் அட்டைப்பெட்டியில் நகத்தளவு கரும்புள்ளி. அதிலிருந்து இன்னும் நூல் போலப் புகை எழுந்துகொண்டிருந்தது.

“அண்ணா” என்றாள். திரும்பவில்லை. “அண்ணா, அண்ணா” என்று அவளால் முடிந்த மட்டும் கத்தினாள். கால் இடறிக் கீழே கிடந்த ஸ்பானர் சிமெண்டுத் தரையில் உருண்டு மோதியது. அவர் இன்னொரு மூட்டுக்குச் சோப்பு நீர் தடவினார். அவளுடைய நிழல் கைமேல் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்து, வழக்கம்போலச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்தினார்.

அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. தேநீர் வேளையில் நிற்பதுபோல அவரைப் பார்க்காமல், சுவரிலிருந்த அழுத்தமானிகளைப் பார்த்தபடி, எப்போதும் பேசும் குரலில் சொன்னாள்: “அண்ணா, உங்க தோள்ல ஒரு பாம்பு தொங்குது.”

“ஆமாம்மா. அப்படித்தான்” என்றார் அவர், தலையை ஆட்டி.

எட்டு மாதம். தினமும் பதினொரு மணிக்கு இரண்டு பேரும் இந்த அலமாரிக்கு வெளியே டம்ளரோடு நிற்பார்கள். முகம் பார்த்துப் பேச அவளுக்கு வராது. அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். வெளிநாடு போன கணவன் ஞாயிறுதோறும் கூப்பிடுவதாக அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருப்பதையும், அவன் கூப்பிட்டு ஏழு மாதம் ஆகிறதென்பதையும், போன மாதம் அந்த எண்ணை வேறு யாரோ எடுத்துப் பேசியதையும் இவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அதைச் சொன்ன அன்று அவர் தன் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அறிவுரை சொல்லாமல், ஐயோ பாவம் என்று முகத்தைச் சுளிக்காமல், இப்படியும் ஒரு மனிதர் கேட்பாரா என்று அந்த அரை பிஸ்கட்டை நினைத்தே ஒரு வாரம் ஓட்டினாள். இப்போது யோசித்தால் அவள் டம்ளர் பக்கத்தில் பிஸ்கட் இல்லையே என்று கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். தன் ரகசியம் எங்கும் போகவில்லை என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது. அடுத்த கணமே, அப்படியானால் அது யாருக்குமே தெரியாது என்பதும் உறைத்தது.

அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள். உதட்டை நன்றாக அசைத்து, “எவ்வளவு நாளா?” என்று கேட்டாள்.

அவர் கருகிய அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கீழிறங்கியது.

“மூணு வருஷம் இருக்கும். எல்லாரும் காத மூடிக்கிட்டுக் கையாலயே பேசற எடம். எனக்கு இதவிடத் தோதான வேலை எங்கம்மா கிடைக்கும்?”

“வருஷா வருஷம் காது டெஸ்ட் வைக்கிறாங்களே.”

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கற அம்மாவோட முழங்கை அசையும். அசைஞ்சா நான் பொத்தானை அமுக்கிடுவேன். போன தடவ, சின்னப் பையன் காது மாதிரி இருக்குன்னு பாராட்டுனாங்க.”

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

“எழுதப் போறியாம்மா?”

பூட்டிய அறைக்குள் ஆள் இருந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். இருந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினால் அவர் இந்தப் பக்கமே வர முடியாது. எட்டிப் பார்க்காத அவளிடமிருந்தும் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். எழுதாவிட்டால் பூமியில் ஒருவருக்கும் தெரியாது.

“உனக்கும் பாதிப்பும்மா, யோசிச்சுக்கோ” என்றார். பிறகு சோப்புக் கையைச் சட்டையில் துடைத்தபடி, “வீட்ல உக்கார வச்சிடுவாங்க. அங்க எல்லாரும் பேசிட்டே இருப்பாங்க. வாய் அசையறதப் பாத்துக்கிட்டே எத்தன நாள் உக்காந்திருக்கறது? இங்கன்னா முள்ளு இருக்கு, குமிழி இருக்கு. என்னன்னு பாத்தாத் தெரியும்.”

அவள் அட்டைப்பெட்டியின் பக்கம் குனிந்தாள். கருகிய இடத்தில் ஒரு கையின் சுண்டுவிரலை வைத்து, விரல்களை விரித்து அவர் கன்னம்வரை சாண் போட்டுக் காட்டினாள். ஒன்று, இரண்டு. இரண்டாவது சாணில் கட்டைவிரல் அவர் கண்ணோரத்தில் வந்து நின்றது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

பதிவேட்டை எடுத்து வந்து அலமாரியின் மேலேயே வைத்து எழுதினாள். எட்டிப் பார்க்காததை முதலில் எழுதினாள். குரல் கொடுத்தது அவருக்குக் கேட்கவில்லை என்பதை எழுதும்போது கை நின்றது. பிறகு எழுதினாள். அவரிடம் நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். “உன்னப் பத்தி எதுக்கும்மா எழுதுன?”

“பாக்கலையே அண்ணா.”

உதட்டைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். இந்த ஆட்டல் வேறு மாதிரி இருந்தது. கையெழுத்தைப் போட்டார். பதிவேட்டை மூடித் தரப்போனவர், மூடாமல் கடைசியிலிருந்த வெற்றுப் பக்கத்தைத் திருப்பினார்.

“டீ குடிக்கறப்ப தினமும் என்னமோ சொல்லுவியே. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சொல்லுவே, எனக்கு ஒண்ணும் பிடிபடாது. கேட்டாத் தெரிஞ்சிடுமேன்னு சும்மா தலையாட்டுவேன்.” காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார். “அது என்னம்மா?”

கதவுக்கு வெளியிலிருந்து மேடம் இரண்டு முறை கூப்பிட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பென்சில் முனை தாளில் ஊன்றியபடி நின்றது. அதைச் சுற்றிக் கரி மெல்லப் பொடிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படிக்க வசதியாக வெளிச்சம் விழும் பக்கம் நகர்ந்து நின்றார்.