எல்லைச்சாவடியில் தங்கிவிட்ட பிள்ளை

எட்டு மாத வயிற்றோடு அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய ரக்னா, முனைக்கு வந்து காரை விட்டு இறங்கியபோது வயிறு தட்டையாக இருந்தது. வலியில்லை, ரத்தமில்லை, சட்டை மட்டும் தொளதொளவென்று தொங்கியது.

முனை என்பது அமெரிக்காவைச் சேர்ந்த கடலோர ஊர். ஆனால் தரைவழியாகப் போக, கனடாவுக்குள் நுழைந்து, முக்கால் மணி நேரம் காரோட்டி, மறுபடியும் அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். அங்கே பிறந்த ரக்னா ஒன்பது வருடம் பள்ளிக்கூட பஸ்ஸில் நாளைக்கு நாலு தடவை எல்லை தாண்டியவள். “என்ன கொண்டு போறே?” என்று சாவடியில் கேட்டால், பையிலிருக்கும் ஆரஞ்சை மறைத்துக்கொண்டு, கேள்வி முடியும் முன்பே “ஒண்ணுமில்ல” என்பாள். முனைக்காரர்கள் எல்லோருக்கும் அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்ட பதில். அன்றும் கனடாவுக்குள் நுழைகையில் அதைத்தான் சொன்னாள்.

சொல்லாமல் கொண்டுபோவது சில சமயம் சாவடியிலேயே தங்கிவிடும் என்பது முனையில் புதிதில்லை. தபால்கார ஹெர்டிஸ் பல்வலியை அப்படித்தான் தொலைத்தாள். அதன்பிறகு ஊரே அவள் வழியில் போக, பல் வைத்தியர் முனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மனைவியைப் புதைத்துவிட்டுத் திரும்பிய எய்னாருக்குத் துக்கம் போய்விட்டது. வீட்டில் எதற்கு இரண்டு நாற்காலி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். திமிங்கலம் பார்க்க வந்தவர்கள் தலைவலி போனதற்குக் கடற்காற்றைப் புகழ்ந்தார்கள்.

அப்பா தோர்லாக் நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்.

“வயிறு எங்கடி?”

“தெரியலப்பா.”

“சாவடியில என்ன சொல்லித் தொலைச்சே?”

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் திட்டிக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

கனடாப் பக்கத்து அதிகாரிப் பெண் அலட்டிக்கொள்ளாமல் பின்னறையைத் திறந்துவிட்டாள். பறிமுதல் செய்த பழங்களுக்கும் பூந்தொட்டிகளுக்கும் நடுவே, சாம்பல்நிறத் துண்டுகளில் மூன்று பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

“உங்களுது எதும்மா?”

ரக்னா தன் பிள்ளையின் முகத்தை எங்கே பார்த்திருக்கிறாள்?

“மத்த ரெண்டும் யாருது?” என்று கேட்டாள்.

“தேடி யாரும் வரல. தொலைஞ்சதே தெரியாதோ என்னமோ. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவோம்.”

“நம்ம மூக்கு இருக்கான்னு பாரு” என்றார் தோர்லாக். மூன்றுக்கும் ஒரே மூக்கு. ரக்னா தவறாக ஒன்றை எடுத்துவிட்டால் தன்னுடையது இங்கேயே கிடக்கும். மணி ஐந்தாக ஏழு நிமிடம் இருக்கும்போது மூன்றையும் வாரி எடுத்துக்கொண்டாள்.

முனைப் பக்கத்துச் சாவடியில், “மூணு பிள்ளைங்க” என்று கத்திச் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டு தடுப்பைத் தூக்கினார்.

அதன்பின் அவள் எல்லை தாண்டவேயில்லை. கணவன் முனைக்கே வந்துவிட்டான். மூன்று பையன்களும் வளர்ந்தார்கள். கோடையில் முன்பின் தெரியாத பெண் யாராவது கடற்கரையில் இறங்கினால் ரக்னா பையன்களை வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்துவாள். ஆறாவது கோடையில் அவள் கதவைச் சாத்துவதற்குள் ஒருத்தி வாசலுக்கே வந்துவிட்டாள். நடுப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“எதுக்கு அழறேன்னே தெரியலங்க. மூணும் உங்களுதா?”

“ஆமா” என்றாள் ரக்னா.

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திமிங்கலம் எந்தப் பக்கம் தெரியும் என்று கேட்டாள். நடுப் பையன் கை நீட்டிக் காட்டினான்.