கல்லறைத் துளையில் ஒரு சண்டை

"தள்ளாத மாப்ள! தள்ளாதடா!"

டிரைவிங் ஸ்கூல்காரரின் அலறல் பாறைச் சுவரில் மோதித் திரும்பியது. அவருடைய தலையும் வலது கையும் இந்தப் பக்கம். இடுப்பும் இரண்டு காலும் அந்தப் பக்கம். நடுவில் நெஞ்சு, பாறைத் துளைக்குள் அடித்து இறக்கிய ஆப்பு மாதிரி இறுகிக் கிடந்தது.

அந்தப் பக்கம் என்றால் உள்ளறை. ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தவர்களைக் கிடத்திய இடம். மேலே வெயிலில் இடிந்த தேவாலயம், பாதியாக நிற்கும் தூண்கள். அவற்றுக்கு அடியில் இந்தச் சுரங்கம். உள்ளறைச் சுவரில் அவர்களுடைய அடையாளங்களான மீனும் நங்கூரமும் வரைந்திருக்கிறார்கள் என்று, சுற்றுலாவுக்கு அமர்த்திய தமிழ் வழிகாட்டி சொன்னதுதான் தாமதம். "இவ்வளவு தூரம் வந்து அதைப் பார்க்காமப் போனா, சிரிப்பாங்க" என்று முதலில் தவழ்ந்தவர் இவர்தான். பின்னாலேயே மச்சினன், மனைவியின் தம்பி. மனைவி மட்டும், "எனக்கு வேணாம்ப்பா" என்று வெளியறையில் நின்றுவிட்டாள்.

போகும்போது இறக்கம், வழுக்கிக்கொண்டு போய்விட்டார். வரும்போது ஏற்றம். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வரணும் என்று வழிகாட்டி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவரோ எடுத்த போட்டோ போய்விடுமோ என்று ஒரு கையால் செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வந்த வினை அது.

இப்போது மச்சினன் உள்ளே. அவன் வெளியேற இருந்த ஒரே வழியை மாமாவின் உடம்பு அடைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, இங்க மேலேர்ந்து மண்ணு கொட்டுது!" என்று உள்ளிருந்து அவன் இருமினான்.

வழிகாட்டி டார்ச்சைத் துளையின் மேல் விளிம்பில் அடித்தார். அங்கே ஒரு தட்டைக் கல். அதை ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அவருடைய தோள் விரிந்து கட்டையை நெம்பியது. காலையில் நேராக நின்ற கட்டை இப்போது சாய்ந்திருந்தது.

வழிகாட்டி மனைவியை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மேல போய் போன் பண்ணிட்டேன்மா. மீட்புக்காரங்க வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கட்டை அதுவரைக்கும் நிக்காது."

"விழுந்தா?"

"கல்லு சார் முதுகுல. தம்பிக்கு வழியே இல்ல."

"நாமளே இழுத்தா வரமாட்டாரா?"

"மூச்சை முழுசா வெளிய விட்டா நெஞ்சு சுருங்கும். அந்த நொடியில இழுக்கணும். ஆனா இவர் விட்டாத்தானே!" என்றவர் துளைப் பக்கம் திரும்பினார். "சார், மூச்சை விடுங்க சார்!"

"விட்டேன்யா!"

விட்ட வேகத்திலேயே இரண்டு மடங்காக இழுத்தார். கட்டை முனகியது. உயிர் போய்விடும் என்று நடுங்குகிறவனுக்குக் கையிருப்புக் காற்றை விட மனசு வருமா?

அவள் கணவனின் முகத்தையே பார்த்தாள். இந்த மனிதர் மூச்சு வாங்காமல் பேசும் சமயம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: சண்டை. நிறுத்தினால் எதிராளி நடுவில் புகுந்துவிடுவான் என்று, முகம் சிவந்து குரல் வெறும் காற்றாகும்வரை நிறுத்தவே மாட்டார்.

"சார், அவர் கையை நீங்க பிடிங்க. தம்பி, மாமா காலைப் பிடிச்சுக்க. நான் சொன்னதும் தள்ளு" என்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவனின் சட்டையைத் தோளோடு பற்றினாள்.

"ஏங்க, நேத்து வாடகைக் காரைத் தூண்ல இடிச்சது யாரு?"

"ஏய், சாகக் கிடக்கறேன், இப்ப எதுக்குடி அது?"

"சும்மா கேட்டேன். ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லித் தர்றீங்க, உங்களுக்குப் பின்னால எடுக்க வரல. இப்பவும் முன்னால போவீங்க, திரும்பத் தெரியாது."

"அடியே அந்தத் தூணு கண்ணாடியில தெரியவே இல்லடி வா வான்னு கையைக் காட்டினது நீ இடிச்சதும் அய்யோன்னு கூவினதும் நீ இப்ப பழி மட்டும் என் தலையிலயா..."

"தள்ளு!"

சாண் அளவு வந்தார். அதற்குள் புஸ்ஸென்று காற்றை இழுத்துவிட்டார். கட்டையில் 'படக்' என்று ஒரு விரிசல்.

"அக்கா, கல்லு அசையுது!"

"உங்க குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய்கூட..." என்று அவள் தொடங்கினாள்.

"வேணாம்டி. உன் தந்திரம் புரிஞ்சுபோச்சு. எனக்குக் கோபம் வரல." அவர் கண்ணில் நீர் முட்டியது. "பயம்தான் வருது."

இனி விளையாட்டுச் சண்டை உதவாது. நிஜமாகவே வலிக்கிற ஒன்று வேண்டும். அது அவளிடம் இருந்தது. சொன்னால் ஆள் பிழைப்பார். அதற்குப் பிறகு தன்னோடு வாழ்வாரா என்று தெரியாது.

"நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டது உங்ககிட்ட இல்லைங்க."

"பின்ன?"

"உங்க தம்பிகிட்ட."

அந்த வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. கூட இருந்து தொழில் பழகிய தம்பி, எதிர் வரிசையிலேயே தனி டிரைவிங் ஸ்கூல் திறந்த நாளோடு உறவு அறுந்தது.

"நீங்க கிளம்பினதும் அவர் வண்டியிலதான் ஏறுவேன். நீங்க கத்துவீங்க, அவர் கத்தமாட்டார். உங்களைவிட நல்லாவே சொல்லித் தர்றார்."

அவர் வெடித்தார்.

"அவன்கிட்டயா என் சோத்தைத் தின்னு என்கிட்ட ஸ்டியரிங் பிடிச்சு என் கண்ணெதிர போர்டு மாட்டி எங்கிட்ட வர்ற புள்ளைங்களை இழுத்துக்கிட்டுப் போனவன்கிட்டயா நீ போய் உக்காந்த என் பொண்டாட்டி நீ என் வண்டிய விட்டுட்டு அவன் வண்டியில..."

குரல் தேய்ந்தது. முகம் கறுத்தது. கடைசிச் சொல்லில் ஒலியே இல்லை, வெறும் காற்று.

"தள்ளு! தள்ளுடா!"

சட்டை கிழிந்தது. தோல் உரிந்தது. மனிதர் வெளியறைத் தரையில் வந்து விழுந்தார்.

மூச்சுகூட வாங்கவில்லை. புரண்டு எழுந்து இரண்டு கையையும் துளைக்குள் விட்டார். "மாப்ள, கையைக் குடு!" கயிறு போல ஒல்லியான மச்சினனை ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். அவனுடைய செருப்பு உள்ளேயே நின்றது. கட்டை முறிந்தது. கல் இறங்கியது. புழுதி அடங்க நெடுநேரமாயிற்று.

மேலே, உடைந்த தூண் ஒன்றின் நிழலில் மூவரும் உட்கார்ந்தார்கள். வழிகாட்டி தண்ணீர் கொடுத்தார். "உங்களை வெளிய எடுக்கத்தான் சார் அம்மா என்னென்னவோ சொன்னாங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. அவள் தலையை ஆட்டினால் போதும்.

"நிஜமா?" என்றார் கணவர்.

"நிஜம்தாங்க."

அவர் காயத்தில் ஒட்டிய மண்ணை மெதுவாகத் தட்டினார்.

"கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுவான் அவன். திட்டித் திட்டிப் பார்த்தேன், மாத்திக்கல. நீயும் அப்படியே ஓட்டுற."

"அப்ப... தெரியுமா உங்களுக்கு?"

"கேட்டா நீ ஆமான்னுடுவியோன்னு கேக்காமலே இருந்துட்டேன்."

மச்சினன் இருமலை அடக்கிக்கொண்டான்.

"அவன்கிட்ட சொல்லு" என்றார் அவர். "அப்படி ஓட்டினா கிளட்ச் சீக்கிரம் தேஞ்சு போயிடும்னு."

"நீங்களே சொல்லுங்களேன்."

அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

"என் நம்பர்னு தெரிஞ்சா எடுப்பானா?"