நான்காவது கோரிக்கை

நான்காவது கோரிக்கையைக் காசிநாதன் வாசிக்கத் தொடங்கியதுமே மேசையைச் சுற்றி இருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரம்பலூர் ஓட்டல் ஒன்றின் மாடியில் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து டாக்டர்களும் கூடியிருந்தார்கள். சிகிச்சையில் உயிர் போனால் எடுத்த எடுப்பில் டாக்டரைக் கைது செய்யக் கூடாது, முதலில் நிபுணர் குழு பார்க்க வேண்டும், நஷ்டஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். இப்படிச் சட்டத்தைத் திருத்தக் கேட்டு அடுத்த வாரம் எம்.பி.யிடம் மனு கொடுப்பதாக ஏற்பாடு. நியாயமான கோரிக்கைகள்தான். அடிபட்டவர்களும், ஆஸ்பத்திரிக் கண்ணாடி உடைபட்டவர்களும் அந்த அறையிலேயே இருந்தார்கள். நான்காவதை மட்டும் அரியலூர் டாக்டர் தமிழ்மொழி எழுதிக் கொடுத்திருந்தாள். இறந்தவர் வீட்டுக்கு டாக்டர் போய் வருத்தம் சொன்னால், நடந்ததை உள்ளபடி சொன்னால், அந்தப் பேச்சைக் கோர்ட்டில் சாட்சியாக எடுக்கக் கூடாது என்பது அது.

"ஏம்மா, மன்னிப்பு கேக்குறதுக்கு ஒரு சட்டமா?" என்றார் காசிநாதன். சங்கத் தலைவர், மூத்த சர்ஜன், கெட்ட மனிதர் இல்லை.

"வெளிநாட்டுல சில எடத்துல இருக்கு சார்."

"இருக்கட்டும். இங்க இதக் கொண்டுபோனா, தப்பு பண்ணிட்டுத்தான் வந்திருக்கானுங்கன்னு எம்.பி. நெனைப்பாரு. மத்த மூணும் சேந்து போயிடும். இப்ப வேணாம்மா."

பேனாவால் ஒரு கோடு. அவ்வளவுதான் அதன் ஆயுசு. அடுத்து வடை வந்தது.

தமிழ்மொழி வடையைத் தொடவில்லை. போன வருஷம் மாசியில் அவளிடம் பிரசவத்துக்கு வந்த ஜோதி என்ற பெண், பெண்குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டு, தஞ்சாவூர் போகும் வழியிலேயே ஆம்புலன்சில் போய்ச் சேர்ந்தாள். ரத்தப்போக்கு. வழக்கு நடக்கிறது. "அந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்காதீங்க மேடம்" என்று வக்கீல் செந்தில்குமார் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவளும் படுக்கவில்லை. ஆனால் இந்த மண்ணில் பிறந்தவளுக்குச் சாவுக்குப் போகாமல் இருப்பது என்றால் என்னவென்று தெரியாதா? பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகூடச் சாவு என்றால் மாலையோடு வந்து நிற்பான். வர முடியாத பெண்கள் மாதம் கழித்தாவது போய், அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வருவார்கள். அவளுக்கு அது வாய்க்கவில்லை. பிரசவ அறைக்கு வெளியே எந்தத் தாய் நின்றாலும் ஜோதியின் அம்மா முத்தாயி நிற்பது போலத்தான் இருந்தது. அந்த அம்மா முன்னால் ஒரு தடவை போய் நிற்க வேண்டும். வேறு ஆசையே இல்லை என்கிற அளவுக்கு ஆசை. சட்டம் வந்தால் போகலாம் என்று ஒரு வருஷமாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

அரியலூரில் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கார் திரும்பவில்லை. சிமெண்டு லாரிகளின் புழுதிக்குப் பின்னாலேயே ஜெயங்கொண்டம் ரோட்டில் போனாள். துக்கம் கேட்கச் செவ்வாயும் வெள்ளியும் ஆகாது. இன்று இரண்டும் இல்லை. பாதி வழியில் பயம் வந்தது. கிளினிக், பட்டம், பெயர் எல்லாம் ஒரு வாய்ச்சொல்லில் போய்விடும். போனாலும் போகட்டும் என்று தைரியமாக ஒன்றும் நினைக்கவில்லை. பயந்துகொண்டேதான் போனாள்.

கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வீடு. முத்தாயி வாசலில் காயும் முந்திரிக்கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜோதியின் புருஷன் பூவரசன் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தான். தமிழ்மொழியைப் பார்த்ததும் முகம் இறுகி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

"நீங்க என்ன பேசுனாலும் ரெக்கார்டு பண்ணச் சொல்லியிருக்காரு எங்க வக்கீலு" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டே அழுத்தினான்.

"வந்திருக்கணும்" என்றாள் தமிழ்மொழி. "அன்னைக்கே வந்திருக்கணும்மா."

"எல்லாரும் வந்தாங்க. நீங்கதான் வரல." முத்தாயி கொட்டையைவிட்டு நிமிரவில்லை. "உக்காருங்க. நான் கேஸப் பத்திக் கேக்கல டாக்டரம்மா. எம்புள்ள கடைசியா பேசுனது ஒங்ககிட்டதான். என்ன சொன்னா? அதக் கேக்க எனக்கு வேற ஆளு இல்ல. ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உள்ள வுடல."

தமிழ்மொழி தரையில் உட்கார்ந்தாள். குளிருது என்றுதான் சொன்னாள் ஜோதி. நர்ஸ் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜோதி சொன்னது நர்ஸ் காதில் விழவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு நடுக்கம் வருவது சகஜம் என்று தமிழ்மொழி விட்டுவிட்டாள். அப்போதே வயிற்றுக்குள் ரத்தம் தேங்கத் தொடங்கியிருந்தது. வழக்கில் அவளைக் கவிழ்க்க அந்த ஒரு சொல் போதும். பிள்ளையைக் கேட்டாள், உங்களைக் கேட்டாள் என்று பொய் சொல்லலாம். கேட்பவளுக்கும் அது இதமாகத்தான் இருக்கும்.

"குளிருதுன்னு சொன்னா."

பூவரசன் நிமிர்ந்து பார்த்தான்.

"போத்தி வுட்டீங்களா?" என்றாள் முத்தாயி.

"போத்துனேம்மா. நான்தான் போத்துனேன்."

"கால மூடுனீங்களா? அவளுக்குக் காலுதான் மொதல்ல சில்லுனு ஆயிடும்."

"மூடுனேன். மூடிட்டு, அதோட விட்டுட்டேம்மா. ஏன் குளிருதுன்னு பாக்கல. பாத்திருக்கணும்."

முத்தாயிக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ. முந்திரிக்கொட்டையின் காரப் பால் பட்டுத் தோலுரிந்த கையால் தமிழ்மொழியின் மணிக்கட்டைப் பிடித்து, தன் பக்கம் இழுத்து, தோளில் முகம் புதைத்து அழத் தொடங்கினாள். தமிழ்மொழியும் அழுதாள். பூவரசன் போனை அணைக்கவும் இல்லை, பக்கத்தில் கொண்டுவரவும் இல்லை. இடுப்பிலிருந்த குழந்தை அதைப் பிடுங்கக் கையை நீட்டி நீட்டிச் சிணுங்கியது.