வெள்ளிக்கிழமைக் குடல்

யதுர்ஷிகாவுக்கு ஊரில் வைத்த பெயர் வாய்க்காரி. பட்டம் எடுத்தால் அந்தப் பெயர் கழன்றுவிடும் என்று தாய் நம்பியிருந்தாள். கழலவில்லை. வாயோடு புள்ளிவிபரமும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். அக்கராயனில் அவளுடைய குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனாலோ என்னவோ, அவளுக்கு முன்னால் அந்தப் படியை மிதித்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழுவாமல் மிதித்தவர்கள் என்ற எண்ணம் அவளுக்கு இருந்தது.

இப்போது வன்னியில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி உதவியாளர், ஒப்பந்த வேலை. ஆராய்ச்சி சத்திரசிகிச்சை நிபுணர் தில்லைநாதனுடையது. கோபம் மட்டும் அவளுடையது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தபோது தாய் சிவனேஸ்வரிக்குக் குடலில் ஒப்பரேசன் நடந்தது. பழுதான துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்ச இரண்டு முனைகளையும் பொருத்தித் தைத்தவர் பயிற்சியில் இருந்த ஒரு டொக்டர். அவருக்கு அதுதான் முதல் குடல் தையல். அது கசிந்தது. திரும்பவும் வெட்டினார்கள். தாய் தப்பியதே பெரிய காரியம்.

"பாவம், அந்தப் பிள்ளையும் எங்கையாவது பழகத்தானே வேணும்" என்றாள் தாய், கட்டிலில் கிடந்தபடியே.

"பழகிறதுக்கு உன்ர வயிறுதான் கிடைச்சதோ?" என்று கேட்டாள் மகள்.

அந்தக் கேள்வியைத்தான் பிறகு கொஞ்சம் குளிப்பாட்டி, தலை வாரி, 'ஆராய்ச்சியின் நோக்கம்' என்ற தலைப்பின் கீழே உட்கார வைத்தாள்.

ஆராய்ச்சி இதுதான். குடல் தைக்கப் பழக வேண்டிய இளம் டொக்டர்மார் பன்னிரண்டு பேர். ஆறு பேர் கொழும்பிலிருந்து வந்த றப்பர்க் குழாயில் தைத்துப் பழகுவார்கள். மற்ற ஆறு பேர் ஆட்டுக்குடலில். இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை எல்லாரும் ஆட்டுக்குடலின் இரண்டு முனைகளைப் பொருத்தித் தைத்து, உள்ளே தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். ஒழுகினால் பிழை. ஆட்டுக்குடல் ஆட்கள் நன்றாகச் செய்தால், வார்ட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையை மாகாண அலுவலகம் பயிற்சி அறையாக்கித் தரும். குடல் வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டியும் வரும். செய்யாவிட்டால் அறை களஞ்சியத்துக்குப் போகும், உடைந்த கட்டில் போட. யதுர்ஷிகாவுக்கு அந்த அறை வேண்டும். அதற்குப் பிறகு ஒருவரும் முதல் தையலை மனிதர் வயிற்றில் போடக்கூடாது.

பழகும் நாளாக வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தைத் தேர்ந்தாள். ஒப்பரேசன் தியேட்டரில் வேலை குறைந்த நேரம் அது. இறைச்சிக்கடைக்காரரும் முகம் மலர்ந்து சம்மதித்தார்.

"வெள்ளியில வாங்கோ தங்கச்சி. குடல் எவ்வளவும் அள்ளித் தரலாம். அண்டைக்கு எங்கட கடைக்கு ஈ, இலையான் மட்டும்தான் வாறது."

அதை அவள் அறிக்கையில் 'வெள்ளிக்கிழமைகளில் மூலப்பொருள் தடையின்றிக் கிடைக்கும்' என்று எழுதினாள். ஏன் தடையின்றிக் கிடைக்கிறது என்று யோசிக்க, பாவம், அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

திட்டத்தைப் பார்த்த கொழும்புப் பேராசிரியர் ஒருவர், உள்ளூர்ப் பழக்கவழக்கங்களால் ஏதும் தடை வருமா என்று காணொளி அழைப்பில் கேட்டார். யதுர்ஷிகாவுக்குச் சுர்ரென்றது. "நான் இந்த மண்ணில பிறந்தனான் சேர். இஞ்சத்தையான் பழக்கத்தை எனக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றாள். பேராசிரியர் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நினைத்து நினைத்து ஒரு கிழமை மகிழ்ந்திருந்தாள்.

ஒவ்வொரு வெள்ளியும் வாளியில் குடல் வரும். மூடியைத் திறக்காமலே அதைக் கதவடியில் வைத்து, ஆட்டுக்குடல் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் பிரஷாந்தினியிடம் கொடுத்துவிட்டு, யதுர்ஷிகா வெளி விறாந்தையில் கதிரை போட்டு இருப்பாள். உள்ளே போகமாட்டாள். 'ஆய்வாளர் அருகில் நின்றால் பங்குபற்றுவோரின் நடத்தை மாறும்' என்று அதற்கும் ஒரு வசனம் எழுதி வைத்திருந்தாள். நல்ல வசனம். தில்லைநாதனே அதைப் பாராட்டியிருந்தார்.

முடிவு வந்தது. றப்பர்க் குழாய் ஆட்களில் நாலு பேருடைய தையல் ஒழுகியது. ஆட்டுக்குடல் ஆட்களில் ஒருவருடையது மட்டும். யதுர்ஷிகா கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தாள். மூன்று விதமாகவும் அறை அவளுக்கே வந்தது.

மாகாணக் குழு கூடுகிற அன்று காலை கன்ரீனில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது டொக்டர் யூட்சன் வந்து முன்னால் இருந்தான். நாயாற்றுப் பெடியன், ஆட்டுக்குடல் குழுவில் ஒருவன்.

"உங்கட ஸ்லைட் பாத்தனான் மிஸ். வடிவாயிருக்கு. புடலங்காயைப் பற்றியும் ஒரு வசனம் போட்டிருக்கலாம்."

"என்ன புடலங்காய்?"

யூட்சன் அவளைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான், எவ்வளவு தூரம் என்று.

"உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன். நாங்கள் தைச்சது புடலங்காய்."

"வடிவாச் சொல்லுங்கோ டொக்டர்."

"முதல் வெள்ளி வாளியைத் திறந்தம். பிரஷாந்தினி அக்கா தலைக்கு முழுகிப்போட்டு வந்து நிக்கிறா, பிறகு பிள்ளையார் கோயிலுக்குப் போகவேணுமெண்டு. எங்கட குழுக் கோகுலன் விரதம். எனக்கு ஈஸ்ரருக்கு முந்தின தவக்காலம். தெற்கில இருந்து வந்த டொக்டர் எண்டால் எந்த நாளும் மரக்கறிதான். மற்ற ரெண்டு பேரும் வெள்ளியில இறைச்சி தொடாத ஆக்கள். ஆர் கையை வைக்கிறது? கோகுலன் சந்தைக்குப் போய்ப் பிஞ்சுப் புடலங்காய் வாங்கி வந்தான். உள்ளுக்கைச் சுரண்டி எடுத்துப்போட்டால் சாட்சாத் குடல்தான். ஆனா பொல்லாதது மிஸ். ஆட்டுக்குடல் ஒரு பிழையைப் பொறுக்கும். புடலங்காய் பொறுக்காது. ஊசியை ஒரு துளி கூடுதலா இழுத்தால் கிழிஞ்சு கையில வரும். சோதனை புதன்கிழமை எண்டபடியால் எல்லாரும் ஆட்டுக்குடலைத் தொட்டம், தெற்கு டொக்டர் மட்டும் ரெண்டு சோடி கையுறை போட்டு."

"காலமை மனுசன்ர வயித்தை வெட்டினனீங்கள். பின்னேரம் ஆட்டுக்குடலைத் தொடக்கூடாதோ?"

"மனுசரைச் சாப்பிடுறேல்லைத்தானே மிஸ்."

யதுர்ஷிகா பிளேன்ரீயைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப நான் குடுத்த குடலெல்லாம்?"

"பின்பக்க நாயளுக்கு. அதுகளுக்கு வெள்ளிக்கிழமை இல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கோகுலன் சொல்ல வந்தவன். நீங்கள், 'என்னோட கதைக்கக்கூடாது, நடத்தை மாறும்' எண்டு கலைச்சு விட்டனீங்கள்." பிறகு குரலைத் தணித்தான். "இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ. முதல்ல அறை வரட்டும். உள்ளுக்கு என்னத்தைத் தைக்கிறமெண்டு ஆர் வந்து பாக்கப்போறது?"

அவன் போன பிறகு யதுர்ஷிகா ஆறிப்போன தேத்தண்ணியோடு இருந்தாள். முதலில் பிரஷாந்தினியில் கோபம் வந்தது. பிறகு கோகுலனில். பிறகு பிள்ளையாரில். ஒவ்வொருவரும் வரிசையில் வந்து தப்பிப் போனார்கள். கடைசியில் வரிசையில் நின்றது ஒரு விறாந்தை, ஒரு கதிரை, ஈரத் தலைமுடியை முதுகில் பரப்பிவிட்டு, மடியில் முருங்கையிலைச் சுண்டலும் புட்டும் வைத்துச் சாப்பிடுகிற ஒரு ஆராய்ச்சிக்காரி. அவளும் வெள்ளிக்கிழமையில் முழுகுகிறவள். அவளும் அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாதவள். ஒரு வெள்ளியாவது அவள் அந்த வாளியின் மூடியைத் திறந்ததில்லை. குடல் நாற்றம் பட்டால் திரும்ப முழுக வேண்டும் என்பதுதான் உள்ளே போகாததற்குக் காரணம். அந்தக் காரணம் அவளுக்கே தெரியாமல் இருந்ததுதான் விசேஷம். நடத்தை மாறும் என்று எழுதியது முழுப்பொய்யும் இல்லை. யாருடைய நடத்தை என்பதில்தான் சின்னப் பிழை.

குழுவுக்குத் தலைவி விமலேஸ்வரி, மாகாண அலுவலகத்தில் பெரிய பதவி. பக்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளர், அறையின் அளவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு வந்தவர். தில்லைநாதன் முதல் வரிசையில், மகளுடைய அரங்கேற்றத்துக்கு வந்தவர்போல இருந்தார்.

யதுர்ஷிகா திரையின் முன்னால் நின்றாள். ஆட்டுக்குடல் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அறை வரும். இன்னொருத்தியின் தாய்க்கு இரண்டாம் முறை வயிற்றை வெட்டத் தேவைப்படாது. ஆனால் அந்தச் சொல்லை நம்பி வேறொரு ஆஸ்பத்திரியில் ஆட்டுக்குடலில் பழகிவிட்டு ஒருவன் மனிதர் வயிற்றைத் தைப்பான். ஆட்டுக்குடலில் பழகினால் தையல் ஒழுகுமா ஒழுகாதா என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அதை ஒருவரும் சோதிக்கவே இல்லை.

"முதல்ல ஒரு திருத்தம்" என்றாள். "இதில ஆட்டுக்குடல் எண்டு கிடக்கிற இடமெல்லாம் புடலங்காய் எண்டு வாசியுங்கோ."

"யதுர்ஷிகா, என்ன கதைக்கிறீர்?" என்றார் தில்லைநாதன்.

அவள் கதைத்தாள். வாளி, விரதம், தவக்காலம், நாய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"நீங்கள் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார் விமலேஸ்வரி.

"இல்லை மேடம்."

"ஏன்?"

நல்ல வசனம் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"வெள்ளிக்கிழமை மேடம். முழுகியிருந்தனான்."

களஞ்சியப் பொறுப்பாளர்தான் முதலில் சிரித்தார். பிறகு சபை முழுவதும். தில்லைநாதன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"சரி" என்றார் விமலேஸ்வரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "புடலங்காய் தைச்ச ஆறு பேரில அஞ்சு பேற்ற தையல் ஒழுகேல்லை. அதெண்டாலும் உண்மைதானே? அதை வச்சு அறையைக் கேக்கலாமே."

தப்பிக்க ஒரு கயிறு கீழே இறங்கி வந்து கையருகில் ஆடியது. யதுர்ஷிகா அதையும் தட்டிவிட்டாள். வாய் பழகிவிட்டது.

"கேக்கேலாது மேடம். ஒரு வெள்ளியாவது நான் கண்ணால காணேல்லை. எத்தினை காய் தைச்சவை, ஆர் தைச்சவை எண்டு ஒரு குறிப்பும் இல்லை. இதை வேற ஆரும் கொண்டு வந்திருந்தால் நான் கிழிச்சு எறிஞ்சிருப்பன்."

குழு தேத்தண்ணிக்கு எழும்பியது, திரும்பி வந்தது. அறை களஞ்சியத்துக்கு. குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஆனால் யன்னல் பக்கம் ஒரு மேசைக்கு இடம் விட வேண்டும், அடுத்த தொகுதி டொக்டர்மாரோடு ஆராய்ச்சியைத் திரும்பச் செய்ய வேண்டும், புடலங்காயைப் புடலங்காய் என்றே எழுத வேண்டும். ஆராய்ச்சிக்காரி உள்ளே இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது விமலேஸ்வரிக்குத் திரும்பவும் சிரிப்பு வந்துவிட்டது.

தில்லைநாதன் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தது ஒரே ஒரு கேள்வி: "புடலங்காய் பிஞ்சா, முத்தலா?"

ஆராய்ச்சி திரும்பத் தொடங்கிய முதல் வெள்ளி, கால் முறிந்த கட்டில்களுக்கு நடுவால் பக்கவாட்டில் நடந்து யதுர்ஷிகா உள்ளே போனாள். புதிய தொகுதிக்குச் சொல்லிக்கொடுக்கப் பிரஷாந்தினியும் யூட்சனும் கோகுலனும் வந்திருந்தார்கள். பிரஷாந்தினி ஊசி பிடிக்கும் கருவியை அவளுக்கு நீட்டினாள்.

"உள்ளுக்கு இருக்கிறதெண்டால் சும்மா இருக்கேலாது. பிடியுங்கோ."

"நான் டொக்டர் இல்லை."

"அதுதான் காய் தாறம்."

அவள் தைத்தாள். வாழ்க்கையில் எதையும் மெல்ல இழுத்துப் பழக்கமில்லாத கை. இரண்டாவது தையலிலேயே காய் வாயைப் பிளந்தது. யூட்சன் அதைத் தூக்கி, முறைப்படி தண்ணீர் விட்டுப் பார்த்தான். அவ்வளவும் அவளுடைய பாவாடையில்.

"ஆள் தப்பாது மிஸ்" என்றான்.

"இன்னொண்டு தாங்கோ."

"முடிஞ்சுது" என்றான் கோகுலன். "வீட்டை கறிக்கெண்டு ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன், அவ்வளவுதான்."

"அதைத் தாங்கோ."