சிவப்புக் கம்பியும் என் ஓரகத்தியும்

பள்ளிக்குப் பெட்டி வந்த அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் உள்ளே பஞ்சில் பள்ளம் வெட்டி, ஒவ்வொரு சாமானையும் தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி படுக்க வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் தகடு, காற்றாடி இறக்கைகள், கையால் சுழற்றும் சின்ன ஜெனரேட்டர், ஒரு எல்இடி விளக்கு, ஒரு டார்ச் பல்பு, எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று காட்டும் மீட்டர். பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, சுழற்றிப் பார்த்து ஆற்றலைப் பற்றிக் கற்க வேண்டுமாம்.

பதினேழு வருடமாக நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்? சைக்கிள் டைனமோவைப் பலகையில் திருகி பல்பு எரிய வைத்தவள் நான். ஷாம்பு பாட்டிலை வெட்டிக் காற்றாடி செய்தவளும் நான்தான். அப்போதெல்லாம் தலைமையாசிரியர் வாசலில் எட்டிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "டீச்சர், போறப்ப அந்தக் குப்பையெல்லாம் எடுத்துடுங்க."

அந்த நீலப் பெட்டியை அவர் கொடுத்தது என் ஓரகத்தியின் கையில். என் கொழுந்தன் மனைவி. வீட்டில் நான் கீழே, அவள் மாடியில். பள்ளியில் அவளுக்கு ஏழாம் வகுப்பு 'அ' பிரிவு, எனக்கு 'ஆ'. காலையில் ஒரே கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, ஆசிரியர் அறையில் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்காருவோம். அவள் வேலைக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது.

பெட்டிக்கு விண்ணப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது உண்மைதான். "நம்ம அருமை தெரிஞ்சா அவங்களே தேடி வரட்டும்" என்று வீறாப்பாக மடித்து வைத்தது நான். அவள் இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாள்.

பெட்டியோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் நடத்தும் பாடத்தைக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால், சுற்றியுள்ள நாற்பது பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அவள்தான் பயிற்சியாளர். அச்சாகும் கையேட்டில் பெயரும் வரும். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் என் வகுப்பைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். இலவு காத்த கிளியாக இத்தனை வருடம் காத்திருந்தது அதற்குத்தான்.

பாடத்துக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் பெட்டியைக் கீழே கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் சுத்திப் பாருங்களேன். எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

ஜெனரேட்டரின் மூடியில் ஓர் அம்புக்குறி இருந்தது. அது காட்டிய பக்கமாகச் சுழற்றினேன். எல்இடி பளிச்சென்று எரிந்தது. என் கணவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

"அட, நல்லா இருக்கே. உன்னோட அந்தப் பலகையைத் தூக்கறதுக்கே ரெண்டு ஆள் வேணும்" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கட்டின மனுஷன் சாதாரணமாகச் சொல்வதுதான் சுருக்கென்று தைக்கும். அவர் எழுந்து நடக்கப் போனார். மாடியில் குழந்தை அழ, அவளும் ஓடினாள். நானும் பெட்டியும் தனியாக இருந்தோம்.

தையல் மிஷின் டிராயரில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். ஜெனரேட்டரின் அடியில் இரண்டு திருகு. மூடியைக் கழற்றினால் உள்ளே சிவப்புக் கம்பி ஒன்று, கறுப்பு ஒன்று. இடம் மாற்றி மூடிவிட்டேன். எல்இடிக்கு மின்சாரம் ஒரே திசையில் வந்தால்தான் எரியும். எதிர்த் திசையில் வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். டார்ச் பல்புக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது, எப்படி வந்தாலும் எரியும். மூன்று நிமிட வேலை. மனசு உறுத்தியதா என்று கேட்டால், அப்போது இல்லை. வெகுநாள் கழித்து வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் 'அ' பிரிவில் கடைசி பெஞ்சில் அலுவலக அம்மா, அவர் பக்கத்தில் தலைமையாசிரியர், அவர் பக்கத்தில் நான். "நீங்களும் வந்து பாருங்க டீச்சர், உங்களுக்கும் உபயோகமா இருக்கும்" என்று தலைமையாசிரியர் அழைத்திருந்தார். உபயோகமாகத்தான் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டார்ச் பல்பை மாட்டிச் சுழற்றினாள். எரிந்தது. எல்இடியை மாட்டினாள். எரியவில்லை. வேகமாகச் சுழற்றினாள். கம்பிக் கவ்விகளைக் கழற்றி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் திரும்ப மாட்டினாள். கழுத்தில் வேர்வை இறங்கியது. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

நானாக இருந்தால் பெட்டியைத் தயாரித்தவனைத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். அவள் ஜெனரேட்டரை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"எரியல. ஏன்னு எனக்கும் தெரியல. நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

பதினேழு வருடத்தில் ஒரு தடவைகூட நான் வகுப்பில் 'தெரியல' என்று சொன்னதில்லை. சொன்னால் மரியாதை போய்விடும் என்று நம்பியவள். இங்கேயோ, தெரியாது என்று ஒரு வாத்தியார் சொன்னதும் பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்தே வந்துவிட்டார்கள்.

விளக்கு ப்யூஸ் போயிருக்கும் என்றது ஒன்று. வெயிலில் சோலார் தகட்டோடு மாட்டிப் பார்த்தார்கள், எரிந்தது. கம்பி அறுந்திருக்கும் என்றது இன்னொன்று. அறுந்திருந்தால் டார்ச் பல்பு எப்படி எரிந்தது என்று மற்றவர்கள் அதன் வாயை அடைத்தார்கள். இடது கைப் பழக்கமுள்ள ஒரு பெண் ஜெனரேட்டரை வாங்கித் தன் வாட்டத்துக்குச் சுழற்றினாள், அம்புக்குறிக்கு எதிராக. விளக்கு எரிந்தது.

பிறகு அந்த வகுப்பை யாராலும் அடக்க முடியவில்லை. இப்படிச் சுழற்று, அப்படிச் சுழற்று என்று ஒரே தள்ளுமுள்ளு. மணி அடிப்பதற்குள், சுழற்றும் பக்கம் மாறினால் மின்சாரம் போகும் திசையும் மாறும் என்று அவர்களே கரும்பலகையில் எழுதிவிட்டார்கள். மூடியைக் கழற்றி, உள்ளே கம்பி மாறியிருந்ததையும் கண்டுபிடித்தார்கள். அலுவலக அம்மா நின்றுகொண்டே குறிப்பெழுதினார்.

"இதை வேணும்னே மாத்தி வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். எப்படி மாறுச்சுன்னு தெரியல" என்றாள் என் ஓரகத்தி.

அவள் அடக்கமாகப் பேசுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்தது என் வேலை. வெள்ளிக்கிழமையே அவளுக்குப் பயிற்சியாளர் உத்தரவு வந்துவிட்டது. என் வகுப்பைப் பார்க்க யாரும் வரவில்லை.

இரண்டு மாதம் நான் புழுங்கியது எனக்குத்தான் தெரியும். அவளுக்குக் கிடைத்த இடத்தைக்கூட விட்டுவிடலாம். அந்தப் பாடத்தின் உயிரே நான் மாற்றி வைத்த இரண்டு கம்பிதானே? அதை வெளியே சொல்ல முடியாமல், திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சாயங்காலம் கையேட்டின் பிழைத்திருத்தப் படியை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். 'வகுப்பு தொடங்கும் முன் ஜெனரேட்டரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை ஆசிரியர் இடம் மாற்றி வைக்கவும். விளக்கு ஏன் எரியவில்லை என்பதை மாணவர்களே தேடட்டும்.' அதற்குக் கீழே 'இம்முறையை வகுத்தவர்' என்று போட்டு ஒரு கோடு. கோட்டின் மேல் ஒன்றும் இல்லை.

"இதுல யார் பேரைப் போடறது, அக்கா?"

"இதென்ன கேள்வி? உன் பேரைத்தான்."

"நான் மாத்தலையே."

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"இந்த வீட்டு ஆம்பளைங்க ப்யூஸ் போனாக்கூட நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை எரிஞ்ச விளக்கு திங்கக்கிழமை எரியலன்னா, நடுவுல அதைத் தொடத் தெரிஞ்ச ஆள் இங்க ரெண்டே பேர்தான்" என்றாள். குரலில் சூடே இல்லை. "அதுவும் வேணாம். அன்னைக்கு வகுப்புல எல்லாரும் விளக்கைப் பார்த்தாங்க. நீங்க ஒருத்தர்தான் என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருந்தீங்க."

என் காது சுட்டது. "அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றேன். கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள்.

"கோவம் இருந்துச்சு. ரெண்டு நாள் தலைவலின்னு கீழயே வரலையே, அது தலைவலி இல்ல. ஆனா பாடம் நல்லா வந்ததும் நெசம். நான் யோசிக்காததுக்கு என் பேர் வேணாம்க்கா."

அவள் கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி ஜெயித்திருப்பேன். நேர்மையோடு எப்படிச் சண்டை போடுவது? அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள் என்று அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பேனாவை எடுத்தேன். கோட்டின் மேல் என் பெயரை எழுதினேன். இனிஷியலையும் விடவில்லை.

அவள் அதைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "உங்க பேர் எப்படி வந்துச்சுன்னு அந்த மேடம் கேப்பாங்களே. என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லு. அக்கா பொறாமையில மாத்தி வெச்சாங்க, அதுவே நல்லா வந்துடுச்சுன்னு சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். படியை மூடி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கையேடு அச்சானதும் அவள்தான் நாற்பது பள்ளிக்கும் போவாள். ஒவ்வொரு பள்ளியிலும் என் பெயரை அவள் வாயால்தான் சொல்லப் போகிறாள்.